தமியேன் அத்தான் கல்லறையில் ஒரு கண்

எல்.டி.ஆர். என்று ஒரு சாமான் இருக்கிறது. துவரம்பருப்பு அளவுதான். முகத்தில் ஜாங்கிரி பிழிந்த மாதிரி ஒரு வளைவுக் கோடு, பின்னால் இரண்டு கம்பிக் கால்கள். வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழி விடும், இருட்டினால் மறித்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான், பிரான்சில் துலூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் அக்காவின் இதயத்தைக் காரைக்காலில் இருந்தபடியே காப்பாற்றக் கிளம்பினேன்.

லெத்திசியா அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைக்க வேண்டும் என்றார்கள். நவம்பர் மூன்றாம் தேதி காலை ஆபரேஷன் என்று நாளும் குறித்துவிட்டார்கள். அக்கா மாட்டேன் என்றாள். காரணம், செத்துப்போன தமியேன் அத்தான்.

அத்தான் நம்மூர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். அக்கா வருடந்தவறாமல் விமானம் ஏறி வந்து, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று அவர் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவாள். போன வருடம் கோயில் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டிருக்கும்போதே கடல்காற்று வந்து அதை அணைத்துவிட்டது. அவள் துலூஸ் திரும்பிய வாரமே நெஞ்சுவலி. "காத்தை அனுப்பி அணைச்சு என்னைக் கூப்பிடுறாருடா" என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். இந்த வருடம் படுக்கையிலிருந்தே நிபந்தனை போட்டாள். அதை எனக்குச் சொன்னது அவள் மகன் பஸ்கால்.

"மாமா, அம்மா ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. ரெண்டாம் தேதி சாயங்காலம் அப்பா கல்லறையில விளக்கு எரியணுமாம். மந்திரிப்பு ஆரம்பிச்சு முடியிற வரைக்கும் காத்துல அணையக் கூடாதாம். போன்ல வீடியோ போட்டுப் பாப்பாங்களாம். அணையாம இருந்தா ஆபரேஷனுக்குச் சரி. அணைஞ்சா அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணுமாம்."

"டாக்டர் என்னடா சொல்றாரு?"

"தள்ளிப்போட்டா அடுத்த நவம்பர் அம்மாவுக்குக் கிடையாதுங்கறாரு மாமா."

நவம்பரில் எங்கள் ஊர்க் காற்றை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை அது என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய் அம்பகரத்தூரில் போட்டது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். அந்தக் காற்றில் ஒரு மெழுகுவர்த்தி அணையாமல் நிற்க வேண்டுமென்றால் கடலுக்குக் குறுக்கே சுவர்தான் எழுப்ப வேண்டும். சுவருக்கு முனிசிபாலிட்டி ஒப்புக்கொள்ளாது. ஆகவே மின்விளக்கு செய்வது என்று தீர்மானித்தேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வினைச்சொற்களை ஊட்டியே ஆயுளைக் கழித்தவன் நான். பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஈயம் பற்றவைக்கும் கோலைக் கையில் பிடித்தேன். பிடித்த நாளிலிருந்து வீட்டில் ஓட்டை விழாத மேசைவிரிப்பு கிடையாது. என் மனைவி ஜோசெஃபின் இப்போது விரிப்பே போடுவதில்லை.

"மெழுகுவர்த்திக்குப் பதிலா இதை வச்சா அண்ணி ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"விளக்குன்னுதானே சொல்லியிருக்கா. மெழுகுவர்த்தின்னு எங்க சொன்னா?"

"சரி, எப்படி எரியும்?"

"இருட்டினா தானா எரியும். விடிஞ்சா தானா அணையும். பகல்ல வெயில்ல சார்ஜ் ஏறிக்கும். நவம்பர் மாசம் பூரா அத்தானுக்கு வெளிச்சம். ஒரு மனுஷன் கையை வைக்க வேண்டாம்."

"ஒரு ஸ்விட்ச் வச்சா போதாதா?"

"தினம் யாரு போயி போடுறது?"

"நீங்கதான். இங்க என்ன கலெக்டர் வேலையா பாக்குறீங்க?"

விஞ்ஞானத்தில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது. கொடுக்கவில்லை.

மஞ்சளாக நடுங்கி எரியும் சிறு எல்.இ.டி. ஒன்று, அதன்மேல் கண்ணாடிச் சிம்னி. தூரத்திலிருந்து பார்த்தால் போப்பாண்டவரே மெழுகுவர்த்தி என்று சத்தியம் செய்வார். அடிப்பெட்டியில் பாட்டரி, பெட்டிமேல் வெயில் குடிக்கும் சின்ன சோலார் தகடு, பெட்டிக்கு வெளியே அந்தத் துவரம்பருப்புக் கண். முதல் நாள் சோதனையின்போது விளக்கு எரிந்தது. எரிந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும், விடிந்துவிட்டது என்று நினைத்து அணைந்தது. அணைந்ததும் இருட்டிவிட்டது என்று மறுபடி எரிந்தது. எங்கள் கூடத்தில் இடி இல்லாத மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து உத்திராபதி வந்தார். பக்கத்து ஊர் நெரவிக்காரர், கொஞ்சம் நிலமும் கொஞ்சம் பென்ஷனும் உள்ளவர். சாயங்காலமானால் என் வீட்டுக்கு வந்து, நான் செய்வதையெல்லாம் குறை சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"என்ன வாத்தியாரே, விளக்குக்கு வலிப்பு வந்திருக்கு?"

"தன் வெளிச்சத்தைத் தானே பாத்துக்குது. கண்ணைத் திருப்பி வைக்கணும்."

திருப்பி வைத்தேன். கறுப்புப் பேனா மூடியை வெட்டி, அதற்குள் கண்ணைச் செருகி, விளக்குக்கு முதுகு காட்டிப் பக்கவாட்டில் பார்க்கும்படி பொருத்தினேன். எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பதைத் திருகி அளவு பார்த்தேன். பிறகு மழைக்குப் பயந்து எல்லா இடுக்குகளிலும் பிசின் ஊற்றி அடைத்தேன். நோவாவின் பேழைக்குக்கூட அவ்வளவு கீல் பூசியிருக்க மாட்டார்கள். இனி அதைத் திறக்க வேண்டுமென்றால் உடைத்தால்தான் உண்டு. யாரும் திருடிக்கொண்டு போகாமலிருக்க, அத்தானின் சிலுவையடியில் சிமெண்டு குழைத்துப் பதித்தும்விட்டேன்.

அக்டோபர் கடைசியில் தினமும் சாயங்காலம் உத்திராபதியோடு போய்ப் பார்த்தேன். ஆளில்லாத கல்லறைத் தோட்டம். வேப்பமரத்துக்குப் பின்னால் இருட்டு கூடும், அத்தான் தலைமாட்டில் பொட்டு வைத்ததுபோல விளக்கு ஏற்றிக்கொள்ளும். ஒருநாள்கூடத் தவறவில்லை. வீடியோ எடுத்துப் பஸ்காலுக்கு அனுப்பினேன். நோபல் பரிசுக்காரர்கள் என் முகவரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று உத்திராபதியிடம் சொன்னேன். "நெரவிப் பக்கம் வந்தா நான் வழி சொல்லி அனுப்புறேன்" என்றார்.

இரண்டாம் தேதி பகலெல்லாம் வானம் மூடிக் கிடந்தது. மூன்றரை மணிக்கே நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். ஜோசெஃபின் சாமந்தி மாலையும் குடையுமாகக் கிளம்பினாள். உத்திராபதியை வீடியோ பிடிக்க அழைத்துக்கொண்டேன். நான் விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். ஊரே அங்கே இருந்தது. வெள்ளையடித்த கல்லறைகளின்மேல் மெழுகுவர்த்திகள். விளிம்பில், சிலுவையில், தரையில், மண் அடைத்த சிரட்டைகளுக்குள், காலி பெயிண்ட் டப்பாக்களுக்குள் எல்லாம் மெழுகுவர்த்திகள். காற்று அணைக்க அணைக்க, யாராவது குனிந்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தானுக்குப் பக்கத்துக் கல்லறை எலோதியம்மா வீட்டாருடையது. பெரிய குடும்பம். சிங்கப்பூரிலிருந்தும் பாரீஸிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி. அந்த ஒரு கல்லறையின் வெளிச்சத்தில் இலங்கைக்குப் போகிற கப்பல் வழி தெரிந்து போயிருக்கும்.

அத்தான் தலைமாட்டில் என் விளக்கு எரியவில்லை.

"இன்னும் இருட்டலை, அதான்" என்றேன்.

"ஆமா ஆமா" என்றார் உத்திராபதி. அவர் ஆமா சொன்னதுதான் எனக்கு மேலும் பயத்தைக் கொடுத்தது.

வானம் கறுத்தது. தெருவிளக்குகள் வந்தன. விளக்கு வரவில்லை. பாட்டரி தீர்ந்ததா, ஈரம் இறங்கியதா என்று அத்தான்மேல் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன். கையை ஊன்றும்போது உள்ளங்கை தற்செயலாகப் பேனா மூடியை மறைத்தது. விளக்கு எரிந்தது. கையை எடுத்தேன். அணைந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கண் நேராக எலோதியம்மா வீட்டுக் கல்லறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை மெழுகுவர்த்தியையும் பார்த்து, பட்டப்பகல் என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத தோட்டத்தில் வாரம் முழுக்கச் சோதித்தவனுக்கு, திருநாளன்று ஊரே வந்து விளக்கேற்றும் என்பது மட்டும் மறந்துவிட்டது. பிறந்ததிலிருந்து வருடந்தோறும் இங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றியவன் நான்.

"அவங்க வெளிச்சத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாமா?" என்று உத்திராபதி மெல்லக் கேட்டார்.

ஜோசெஃபின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்லறைத் திருநாளன்று ஒரு வீட்டு விளக்கை நகர்த்து என்று சொல்கிறவன் இந்த ஊரில் அப்புறம் தலைகாட்ட முடியாது. அது போதாதென்று எலோதியம்மாவே எழுந்து வந்தார்.

"என்ன ஆர்மான், தமியேன் அண்ணன் கல்லறை இருட்டா இருக்கு? லெத்திசியா வரலைன்னு நம்ம விட்டுருவமா?" என்று சொல்லிக்கொண்டே பெரிய மெழுகுவர்த்திகளாக இரண்டை எடுத்து, காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று, சரியாக அந்தக் கண்ணுக்கு முன்னால் ஏற்றி வைத்தார். "போதுமா, இன்னும் ரெண்டு வைக்கவா?"

"போதும் எலோதியம்மா. ரொம்பப் போதும்."

கொஞ்ச தூரத்தில் சாமியாரின் மன்றாட்டு மாலை ஜெபம் தொடங்கிவிட்டது. போன் அடித்தது. துலூஸில் அப்போது மதியம். திரையில் முதலில் பஸ்காலின் மூக்கு தெரிந்தது, பிறகு தலையணை, அதன்மேல் அக்கா. முகம் பாதியாகியிருந்தது. எங்களையெல்லாம் அதட்டியே வளர்த்த முகம்.

"ஆர்மான், விளக்கைக் காட்டுடா."

"காட்டுறேன் அக்கா. முதல்ல வெள்ளையடிச்சதைப் பாரு. ரெண்டு பூச்சு. உத்திராபதி, அந்தப் பக்கம் காட்டுங்க. மாலை பாத்தியா, ஜோசெஃபின் கட்டுனது. அதோ எலோதியம்மா வீட்டுக் கூட்டம், பாரீஸ் ஆளுங்கல்லாம்..."

"விளக்கைக் காட்டுடா."

மணலை அள்ளிப் பேனா மூடியில் அப்பினேன், சரிந்துவிட்டது. சாமந்தி இதழைச் செருகினேன், அது வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே அனுப்பியது. கடைசியில் வலது கைப் பெருவிரலை வைத்து மூடியின் வாயை அடைத்தேன். விளக்கு ஏற்றிக்கொண்டது. உத்திராபதிக்கு ஜாடை காட்டினேன். என் கை தெரியாதபடி சிம்னியை மட்டும் காட்டினார்.

அக்கா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் இருந்த நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

காற்று எழுந்தது. எலோதியம்மா வைத்த இரண்டில் ஒன்று அணைந்தது. வரிசை வரிசையாக மற்றவர்களுடையதும் அணைந்தன, மறுபடி ஏற்றப்பட்டன. என் விளக்கு அசையவில்லை. மிச்சமிருந்த மெழுகுவர்த்தி என் மணிக்கட்டில் சொட்டுச் சொட்டாக உருகியது. எரிமலைக் குழம்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அதைவிடக் கொஞ்சம் சூடு அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டேன். சாமியார் தூரத்தில் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அவர் அத்தானைத் தாண்டிப் போய்விட்டால் முடிந்தது. ஒவ்வொரு கல்லறையிலும் அவர் எதற்கு அவ்வளவு நேரம் நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"எரியுதாடா?" அக்கா கேட்டாள்.

"எரியுது அக்கா. பாரு."

"காத்து அடிக்கிற சத்தம் கேக்குதே."

"அடிக்கத்தான் அடிக்குது. இது அணையாது."

சாமியார் வந்துவிட்டார். அத்தான் பெயரைச் சொன்னார். தீர்த்தம் என் கழுத்தில் விழுந்தது. பிறகு கையை உயர்த்தி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்றார்.

இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் என் வலது கை என்னைக் கேட்பதில்லை. தூக்கத்தில் கேட்டாலும் அது தானாக எழுந்துகொள்ளும். இப்போதும் எழுந்தது. நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, இடது தோளுக்குப் போனது. வலது தோளுக்கு வரும்போதுதான் பார்த்தேன். சிம்னிக்குள் இருட்டு.

போனில் பஸ்கால் "மாமா" என்றான்.

"ஆர்மான்." அக்காவின் குரல்.

"அக்கா."

"அணைஞ்சுது."

"ம்."

"காத்தா?"

சிக்னல் போய்விட்டது, படம் நின்றுவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. நான் பொய்க்குப் பஞ்சமில்லாத ஆள். ஆனால் உத்திராபதி பதற்றத்தில் போனை இறக்கியிருந்தார். என் கையும் பேனா மூடியும் மெழுகு வழிந்த மணிக்கட்டும் எல்லாம் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தன.

"இல்லை அக்கா. நான்தான் அணைச்சேன். சிலுவை போடக் கையை எடுத்துட்டேன்."

"கைக்கும் விளக்குக்கும் என்னடா?"

கல்லறைமேல் மண்டியிட்டபடி எல்.டி.ஆர். பாடம் நடத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அவசரமாக எந்த வகுப்பும் எடுத்ததில்லை. "இதுக்கு ஒரு கண்ணு இருக்குக்கா. இருட்டைப் பாத்தா விளக்கைப் போடும். பக்கத்துல எல்லாரும் ஏத்தியிருக்காங்கல்ல, அதைப் பாத்துப் பகல்னு நினைச்சுக்குது. அதான் விரலை வச்சு மறைச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஸ்விட்ச் வைக்கலையா?"

"நல்லா கேளுங்க அண்ணி" என்றாள் ஜோசெஃபின்.

"அம்பெசில்" என்றாள் அக்கா. முட்டாளே என்று அர்த்தம். அவள் தமிழில் திட்டினால்தான் பயப்பட வேண்டும். பிரெஞ்சில் திட்டினால் கோபம் பாதிதான். "காத்து அணைச்சா அத்தான் கூப்பிடுறாருன்னு கணக்கு. நீ அணைச்சதுக்கு அவரு என்னடா பண்ணுவாரு? இதெல்லாம் கணக்குல சேராது."

சொல்லிவிட்டு அவள் திரைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுத்துவிடுவேனோ என்று பார்ப்பதுபோல இருந்தது. அக்கா என்னிடம் எதற்கும் சம்மதம் கேட்டவள் இல்லை.

"சேராது அக்கா" என்றேன். "எப்படிச் சேரும்?"

"இல்லையா?"

"காத்து தொடவே இல்லையே."

"சாமியார் போயிட்டாரா?"

"இல்லை. கடைசி மந்திரம் சொல்றாரு."

"பின்ன என்ன வேடிக்கை பாக்குற? கையை வை."

வைத்தேன். எரிந்தது. சாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மந்திரத்தை முடித்து அடுத்த கல்லறைக்குப் போனார். அவர் போய், அவர் பின்னால் தீர்த்தச் செம்பு போய், கூட்டம் நகர்கிறவரை அக்கா கண்ணை எடுக்கவில்லை.

"பஸ்கால்," என்றாள் பிறகு. "அந்த நர்ஸம்மாவைக் கூப்பிடு. காலையில எப்ப கொண்டுபோவாங்கன்னு கேளு. ராத்திரி சாப்பிடலாமான்னும் கேளு." போன் அணைந்தது.

உத்திராபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சுது வாத்தியாரே. கையை எடுங்க."

"எடுக்கலாம்."

"எடுங்களேன்."

"ஆபரேஷன் நாளைக்குக் காலையிலதானே?"

அவர் என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். நான் கணக்கு, நிபந்தனை எதையும் நம்புகிறவன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். "பஸ் ஸ்டாண்டுகிட்ட எலக்ட்ரிக் கடை இருக்கு. கறுப்பு டேப் வாங்கியாந்து சுத்திருவோம்" என்றார்.

"ஈரத்துல ஒட்டாது."

"ரெண்டு சுருளா வாங்கிட்டு வரேன்" என்று மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டு போனார்.

தூறல் விழுந்தது. எலோதியம்மா வீட்டார் குடைகளைத் தங்களுக்குப் பிடிக்காமல் மெழுகுவர்த்திகளுக்குப் பிடித்தார்கள். அவர்கள் வெளிச்சம் குறைவதாக இல்லை. என் பெருவிரல் மரத்து, அது என்னுடையதா அத்தானுடையதா என்றே தெரியாமல் போயிருந்தது. நெஞ்சைத் திறப்பார்களாம், அந்த நேரம் இதயத்தை நிறுத்தி வைத்து வேறு இயந்திரம் ஓட்டுவார்களாம் என்று பஸ்கால் சொன்னதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஜோசெஃபின் குடையை ஓரமாக வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நகருங்க. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பிடிக்கிறேன்."

"அணைஞ்சுடும்."

"அணையாது. உங்க விரலை மெதுவா அந்தப் பக்கம் தள்ளுங்க. நான் இந்தப் பக்கமிருந்து வரேன். அவசரப்படாதீங்க."

அவள் விரல் என் விரலைத் தொட்டது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, சிம்னியையே பார்த்தபடி, நூல் நூலாக நகர்த்தினோம்.